உடற்பயிற்சிக்கு எந்தப் பாட்டு?

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரு காலத்தில் ஆறு நாள் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. வீரர்கள் அரங்கின் வட்டப் பாதையை நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பார்க்க வந்தவர்களுக்காக நடுநடுவே பாண்டு வாத்தியக் குழு வாசிக்கும். லியோனார்ட் ஏர்ஸ் என்பவருக்கு அங்கே ஒரு யோசனை தோன்றியது. வாத்தியம் ஒலிக்கும்போது வீரர்கள் என்ன வேகத்தில் போகிறார்கள், ஓய்ந்திருக்கும்போது என்ன வேகத்தில் போகிறார்கள் என்று அவர் குறித்துவைத்தார். 1911-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, இசை ஒலித்தபோது சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், ஒலிக்காதபோது 17.9 மைல்.

இதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. பாண்டு வாசிக்கும் நேரத்தில் கூட்டமும் நிறைந்திருக்கலாம், ஆரவாரமும் கூடியிருக்கலாம். வேகத்துக்குக் காரணம் மெட்டா கைதட்டலா என்று அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. அதன் பிறகு ஆய்வுக்கூடங்களில் ட்ரெட்மில், நிலைச் சைக்கிள், ஆக்சிஜன் அளக்கும் முகமூடி எல்லாம் வைத்துப் பலர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2020-ல் விளையாட்டு உளவியல் ஆய்வாளர்களான பீட்டர் டெர்ரி, காஸ்டாஸ் காரஜோர்கிஸ் முதலானோர் அப்படிப்பட்ட 139 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசினார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 3,599 பேர்.

கிடைத்த விடையில் கவனிக்க வேண்டியது அதன் வரிசை. இசையால் அதிகம் மேம்பட்டது பயிற்சியின்போது இருக்கும் மனநிலை. அதற்கு அடுத்தபடியாகச் செயல்திறன்: சற்றுக் கூடுதல் தூரம், சற்றுக் கூடுதல் நேரம். களைப்பு உணர்வு கொஞ்சம் குறைந்தது. ஆக்சிஜன் செலவில் மிகச் சிறிய ஆதாயம். இதயத் துடிப்பில் சொல்லும்படியான நன்மை எதுவும் இல்லை.

புதிதாகப் பயிற்சியைத் தொடங்குகிறவர் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாட்டு உங்களை வலிமையாக்குவது குறைவு. அந்த அரைமணி நேரத்தைத் தாங்கிக்கொள்ளும்படி, சில நாட்களில் ரசிக்கும்படியும்கூட ஆக்குவதே அதன் முதல் வேலை. ரசித்துச் செய்ததை நாளைக்கும் செய்யத் தோன்றும். ஆகவே, 'எந்தப் பாட்டு என்னை வேகமாக ஓட வைக்கும்' என்பதைவிட, 'எந்தப் பாட்டு இருந்தால் நாளையும் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்' என்பதே பயனுள்ள கேள்வி என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலான வழிகாட்டிகள் நேராகத் தாள வேகத்தின் எண்களில் போய் இறங்குகின்றன. எண்கள் தேவைதான், அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

பாட்டு கேட்கும்போது உடலில் என்ன நடக்கிறது?

முதலாவது, கவனம் திசைதிரும்புகிறது. மனத்தின் கவனம் குறுகலான வாசல் போன்றது. தசைகளின் வலி, மூச்சு, வியர்வை பற்றிய செய்திகளும் பாட்டும் ஒரே நேரத்தில் அதில் நுழையப் பார்க்கின்றன. பாட்டு முந்திக்கொண்டால், களைப்பு பற்றிய செய்திகள் கொஞ்சம் வெளியே நிற்கும். களைப்பு உணர்வை அளப்பதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. அது 6-ல் தொடங்கி 20-ல் முடிகிறது. இப்படி ஒரு விசித்திரமான தொடக்கம் ஏன் என்றால், சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளம் வயதினரின் இதயத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். மிதமான வேகத்தில் பயிற்சி செய்கிறவர்களிடம் 'இப்போது எத்தனை?' என்று கேட்டால், வேலை அதேதான் என்றாலும், பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் குறைவாக இருக்கிறது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. மூச்சு வாங்கி, ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு உழைப்பு ஏறிவிட்டால், உடலின் கூச்சல் பாட்டை அமுக்கிவிடும். அந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டாலும் களைப்பை மறைக்க முடியாது. 'முதல் இருபது நிமிடம் பாட்டு இழுத்துக்கொண்டு போனது, மேட்டில் ஏறும்போது கைவிட்டுவிட்டது' என்று ஒருவர் சொன்னால், அவருடைய பாட்டுப் பட்டியலில் குறை தேட வேண்டாம். அது எல்லோருக்கும் நடப்பது. சுவாரசியம் என்னவென்றால், அந்த உச்ச உழைப்பிலும் இசை கேட்டவர்கள் 'கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் மோசமாக இல்லை' என்ற விதமாகப் பதில் சொல்வது உண்டு. எவ்வளவு கஷ்டம் என்பதை இசை மாற்றவில்லை. அந்தக் கஷ்டத்தை மனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை மாற்றுகிறது.

இரண்டாவது, தாளம் உடலை இழுக்கிறது. அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்கும்போதுகூட, மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்வதைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறுகிறவர்களுக்குச் சீரான தாள ஒலியைக் கேட்கச் செய்து நடையைச் செம்மைப்படுத்தும் சிகிச்சைமுறையே இருக்கிறது. கால் தானாகத் தாளத்தில் விழுந்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்காது. அதில் ஆற்றல் மிச்சமாகிறது. சைக்கிள் மிதிக்கிறவர்களை வைத்து 2012-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், மிதிக்கும் வேகத்தோடு தாளம் பொருந்தியபோது, மெதுவான பொருந்தாத இசையோடு ஒப்பிட்டால், அதே வேலைக்கு 7 சதவீதம் குறைவான ஆக்சிஜன் போதுமாக இருந்தது.

எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்ஹாமில் உள்ளரங்க 2,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தபோது, அரங்கின் ஒலிபெருக்கியில் அவருக்குப் பிடித்த ஒரு நடனப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் தாளம் அவருடைய கால் எட்டுக்கு ஒத்துப்போனது. பாட்டு இல்லாவிட்டாலும் அவர் ஹைலேதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, இசை மனத்தைக் கிளப்பும் அல்லது அடக்கும். இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு பாட்டு உடம்பில் துடிப்பை ஏற்றிவிடும் என்பதும், மெதுவான பாட்டு அதை இறக்கும் என்பதும் எல்லோரும் அறிந்ததே.

தாள வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டைப் போட்டுவிட்டுக் கையால் தொடையில் தாளம் போடுங்கள். 15 விநாடிகளில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 30 விழுந்தால் நிமிடத்துக்கு 120. செயலிகள் இதைத்தான் பி.பி.எம். என்று காட்டுகின்றன. அவற்றை நம்பலாம், ஆனால் ஒருமுறை கையாலும் எண்ணிப் பாருங்கள். சில செயலிகள் வேகத்தை இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டிவிடும்.

இப்போது கால்கள். விறுவிறுப்பான நடை என்பது பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டுகளில் தொடங்குகிறது. சுமார் 130-ஐத் தொட்டால் அது கடுமையான நடை. ஓட்டத்தில் பெரும்பாலோருக்கு 150-லிருந்து 180 வரை. உங்கள் எண்ணை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்: பாட்டில்லாமல் இயல்பாக நடந்துகொண்டு, 15 விநாடிகளில் இரண்டு கால்களும் சேர்ந்து எத்தனை முறை தரையைத் தொடுகின்றன என்று பார்த்து, அதையும் நான்கால் பெருக்கினால் போதும்.

ஓடுகிறவருக்கு 165 தட்டு உள்ள பாட்டுத்தான் வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். 82 தட்டு உள்ள பாட்டும் அதே வேலையைச் செய்யும். ஒரு தட்டுக்கு இரண்டு எட்டு வைத்தால் கணக்கு சரியாகிவிடும். மந்தமாகத் தோன்றும் பல பாட்டுகள் ஓட்டத்துக்கு அருமையாகப் பொருந்துவதன் ரகசியம் இதுதான். சைக்கிளிலும் அப்படியே: நிமிடத்துக்கு 65 சுற்று மிதிக்கிறவருக்கு 130 தட்டு உள்ள பாட்டு என்றால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தட்டு. வேகம் கூடக்கூட இன்னும் வேகமான பாட்டு வேண்டும் என்பதும் இல்லை. உழைப்பு ஏறும்போது நிமிடத்துக்கு 125-லிருந்து 140 வரையிலான பாட்டுகளையே மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று காரஜோர்கிஸின் குழு கண்டது. 140-க்கு மேல் போனால் விருப்பம் கூடுவதில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது, பாட்டின் நடையையும், அதாவது தாளம் எத்தனை எத்தனையாகப் பிரிகிறது என்பதையும், பார்க்க வேண்டும். நான்கு நான்காக விழும் சதுஸ்ர நடை கால்களுக்கு எளிது. திஸ்ர நடையில் மூன்று மூன்றாகப் பிரியும் பாட்டுகளில் ஒவ்வொரு மூன்றின் தொடக்கத்திலும் ஓர் எட்டு வைத்தால் துள்ளலான நடை கிடைக்கும். அந்த மூன்றையும் மூன்று எட்டுகளாக வைத்தால், அழுத்தமான தட்டு ஒருமுறை வலது காலிலும் மறுமுறை இடது காலிலும் மாறி மாறி விழும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குத் தடுமாற்றம் தரும். கண்ட நடையிலும் மிஸ்ர நடையிலும் அமைந்த பாட்டுகள், அதாவது ஐந்தாகவும் ஏழாகவும் பிரிபவை, கேட்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றோடு சேர்ந்து ஓட முயல்வது வீண் வேலை. பின்னணியில் ஒலிக்கட்டும், கால் தன் வழியில் போகட்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது. தாளத்தோடு காலைப் பொருத்திக்கொள்வது ஒரு முறை. பாட்டைப் பின்னணியாக வைத்துக்கொண்டு தன் போக்கில் பயிற்சி செய்வது இன்னொரு முறை. நடை, ஓட்டம், சைக்கிள், துடுப்பு இயந்திரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஏற்றது. எடை தூக்குவதற்கு இரண்டாவதே சரி. எடையைத் தாளத்துக்குத் தூக்கினால் பாட்டின் அவசரம் கையில் ஏறிவிடும். மெதுவாக இறக்க வேண்டியதைத் தொப்பென்று போட்டுவிடுவோம்.

பாட்டின் வேகம் நமக்குத் தெரியாமலே நம்மை மாற்றுகிறது என்பதற்கு லிவர்பூலில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று நல்ல சான்று. 12 மாணவர்கள் பிரபலமான பாட்டுகளைக் கேட்டபடி 25 நிமிடம் சைக்கிள் மிதித்தார்கள். ஒரு நாள் பாட்டு இயல்பான வேகத்தில், ஒரு நாள் 10 சதவீதம் கூடுதலாக, ஒரு நாள் 10 சதவீதம் குறைவாக. வேகம் கூடியபோது கடந்த தூரம் 2.1 சதவீதம் கூடியது. குறைந்தபோது 3.8 சதவீதம் குறைந்தது. வேகமான பாட்டு தருவதைவிட மந்தமான பாட்டு பறித்துக்கொண்டது அதிகம் என்பது என் கண்ணில் பட்டது. பட்டியலில் புதிய வேகப் பாட்டுகளைச் சேர்ப்பதற்கு முன், இழுவையான இரண்டு பாட்டுகளை நீக்கிப் பார்ப்பது கெட்டிக்காரத்தனம்.

பிடித்த பாட்டா, பொருத்தமான பாட்டா?

காரஜோர்கிஸ் 1999-ல் தன் சகாக்களோடு முன்வைத்த கோட்பாட்டு மாதிரி ஒன்று, ஊக்கமூட்டும் இசையில் நான்கு கூறுகளைச் சொல்கிறது: தாளம் உடலைத் தொடுவது, மெட்டும் இசையமைப்பும் கவர்வது, அந்தப் பாட்டுக்கு நாம் வாழும் சமூகத்தில் உள்ள இடம், கேட்கிறவருடைய சொந்த நினைவுகளில் அதற்குள்ள தொடர்பு. முதல் இரண்டும் பாட்டுக்குள்ளேயே இருப்பவை. மற்ற இரண்டும் கேட்கிறவர் கொண்டுவருபவை. அதனால்தான் அடுத்தவரின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது பலிப்பதில்லை. நண்பருக்கு அது கல்லூரி விளையாட்டு விழாவை நினைவூட்டும் பாட்டு. உங்களுக்கு அது வெறும் சத்தம்.

பிடித்ததும் பொருத்தமானதும் முரண்பட்டால், நான் பிடித்ததன் பக்கம். 118 தட்டு உள்ள, மனத்துக்கு நெருக்கமான பாட்டை விட்டுவிட்டு, எண் சரியாக இருக்கிறது என்பதற்காக 132 தட்டு உள்ள அலுப்பூட்டும் பாட்டைப் போடுவதில் பொருளில்லை. சோகப் பாட்டு கூடாது என்ற விதியும் கிடையாது. பின்னால் தாளம் உறுதியாக இருந்தால் சோகமும் நன்றாக ஓட வைக்கும். மற்றவர்கள் முன் ஒத்துக்கொள்ள வெட்கப்படும் பாட்டு ஒன்று எல்லோரிடமும் இருக்கும். ஹெட்ஃபோனுக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிகளும் உதவும். 'எழு', 'விடாதே', 'முன்னேறு' என்ற தொனியில் உள்ள சொற்கள் களைத்த நேரத்தில் பயிற்சியாளரின் குரலாக ஒலிக்கும். ஆனால் வரிகள் ஒரு கதையைச் சொல்லி யோசிக்க வைத்தால் கால் தளர்ந்துவிடும். பேச்சு நிகழ்ச்சிகளும் ஒலிநூல்களும் அப்படித்தான். நீண்ட மெதுவான நடைக்கு அவை நல்ல துணை, கவனத்தை நன்றாகவே திருப்பும். தாளம் இல்லாததால் வேகத்தைத் தாங்கிப் பிடிக்க மாட்டா.

பட்டியலை அடுக்குவது

பயிற்சிக்கு ஒரு ஏற்றமும் ஓர் இறக்கமும் உண்டு. பாட்டுகளும் அதே வடிவில் போனால் போதும். தொடக்கத்தில் உடலைச் சூடேற்றும் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு 100-ஐ ஒட்டிய, பழகிய பாட்டுகள். இங்கே மிக வேகமான பாட்டைப் போடுவது தொடக்கக்காரர்களுக்கு உண்மையான ஆபத்து: முதல் பத்து நிமிடத்தில் பாட்டோடு பறந்துவிட்டுப் பதினைந்தாவது நிமிடத்தில் நின்றுவிடுவார்கள். பிறகு 120-லிருந்து 140 வரை. கடைசியில் மூச்சு அடங்கும் நேரத்துக்கு மெதுவான, வரிகள் குறைந்த இசை. பயிற்சி முடிந்ததும் படக்கென்று ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இந்த இசையைக் கேட்டுக்கொண்டே நடந்தால் உடல் சீக்கிரம் அடங்குகிறது.

பாட்டைக் கடிகாரமாகவும் பயன்படுத்தலாம். பாட்டு ஒன்று மூன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை ஓடும். வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சியில், ஒரு பாட்டு முழுக்க நடை, அடுத்த பாட்டில் பல்லவி வரும்போதெல்லாம் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். பல்லவி எப்போது வரும் என்று தெரிந்திருப்பதே ஒரு பலம். முடிவு கண்ணுக்குத் தெரியும் கஷ்டத்தை மனம் பொறுத்துக்கொள்ளும்.

எடை தூக்குகிறவர்கள், கடினமான சுற்றுக்கு முன் ஓய்வெடுக்கும் ஓரிரு நிமிடங்களில் கேட்கும் பாட்டின் மீதே கவனம் செலுத்தலாம். தூக்கும் நேரத்தில் என்ன ஒலிக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

எந்தப் பாட்டும் தேயும். மிகவும் பிடித்த ஒன்றைத் தினமும் கேட்டால் சில வாரங்களில் அது காதில் விழாமலே போய்விடும். ஆகவே மிகச் சிறந்த இரண்டு மூன்று பாட்டுகளைப் பதுக்கிவையுங்கள். கடினமான நாளில், கடைசி மேட்டில் மட்டும் அவை ஒலிக்கட்டும். வீட்டு வேலைக்கு நடுவிலோ பயணத்திலோ அவற்றைக் கேட்காமல் இருப்பதும் இதில் அடக்கம். இதற்குக் கொஞ்சம் கஞ்சத்தனம் தேவைப்படும்.

பட்டியலை வீட்டிலேயே தயாரித்து முடித்துவிடுங்கள். நடுவில் நின்று கைபேசியில் பாட்டு தேடத் தொடங்கினால் இரண்டு நிமிடம் போகும், பிறகு ஒரு செய்தி கண்ணில் படும், அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்துவிடும்.

சத்தம், சாலை, பந்தயம்

இசை உடலுக்கு நேரடியாகத் தீங்கு செய்யும் வழி சத்தம். உலக சுகாதார அமைப்பு தரும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம்; 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதைக் கவனியுங்கள். சிக்கல் என்னவென்றால், ஜிம்மில் ஏற்கெனவே ஒரு ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும். அதை அமுக்குவதற்காக நாம் காதில் இன்னும் ஏற்றுவோம். வெளிச் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் அங்கே பயன்படும், குறைந்த ஒலியே போதுமாகிவிடும். பயிற்சிக்குப் பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை.

அதே ஹெட்ஃபோனைச் சாலையில் போட்டுக்கொள்வது தவறு. வண்டிகளும் சைக்கிள்களும் நாய்களும் வருவது காதில் விழ வேண்டும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தி, காதைத் திறந்தே வைக்கும் ஹெட்ஃபோன்களும் கிடைக்கின்றன. போக்குவரத்து உள்ள சாலையில் சைக்கிள் ஓட்டும்போது இரண்டுமே வேண்டாம்.

பாட்டே இல்லாமல் இருக்க வேண்டிய நேரங்களும் உண்டு. புதிய அசைவு ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது கவனம் முழுவதும் முதுகிலும் முட்டியிலும் இருக்க வேண்டும். கவனத்தைத் திருப்புவதில் பாட்டுக்கு உள்ள திறமையே அங்கே இடைஞ்சல். காயத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்கும் அப்படியே. வலி சொல்ல வருவதைப் பாட்டு மூடிவிடக் கூடாது.

பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். உலக தடகள அமைப்பின் விதிகளின்படி, போட்டிப் பகுதியில் பாட்டு கேட்கும் கருவிகளையோ வானொலியையோ வைத்துக்கொள்வது வெளியுதவியாகக் கருதப்படும். பொதுமக்கள் ஓடும் சாலை ஓட்டங்களில் சில இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் கிடையாது. அனுமதி இல்லாத பந்தயத்துக்குத் தயாராகிறவர் வாரத்தில் ஓர் ஓட்டத்தையாவது காதில் எதுவும் இல்லாமல் ஓடிப் பழக வேண்டும். இல்லையென்றால், பாட்டு பிடித்துக்கொடுத்த வேகத்தைத் தானாகப் பிடிக்க முடியாமல் முதல் கிலோமீட்டரிலேயே திணறுவார். அந்த ஓட்டத்தில் அவ்வப்போது 15 விநாடிகளுக்குக் காலடிகளை எண்ணி, பாட்டோடு ஓடும்போது வரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.